கழுவிய இறைச்சி

நோர்வேயில் பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் நான் வேலை செய்த காலத்தில், செப்டெம்பர் முடியும்போது எங்கள் சாப்பாட்டு மேசையில் எல்க் வேட்டையைத் தவிர வேறு பேச்சு இருக்காது. எல்க் என்பது குதிரையைவிட உயரமான காட்டு மான். வன்னிக் காட்டு மரையை இன்னும் ஒரு மடங்கு பெருப்பித்தால் எப்படி இருக்கும், அப்படி. யாருடைய நாய் மோப்பம் பிடித்தது, யார் குறி தவறவிட்டார், எந்தப் பள்ளத்தில் விழுந்ததை எப்படி இழுத்து வந்தார்கள் என்று இடைவேளை முழுவதும் அதுவே ஓடும். நான் சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, விளங்கியதுக்கும் விளங்காததுக்கும் தலையாட்டிக்கொண்டு இருப்பேன். மொழி எனக்குப் பிரச்சினை இல்லை. சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை, அதுதான் பிரச்சினை. அந்த மேசையில் என் வாயாலும் ஒரு கதை வரவேண்டும் என்று எனக்கு ஆசை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், பேராசை.

அடுப்புப் பகுதியில் என்னோடு நின்றவர் ஒரு நோர்வேக்காரர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், பேச்சுக் குறைவு. அவர்களுடைய மொழியில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் 'நீ'தான். வாயால் நானும் அவரை 'நீ' என்றுதான் சொன்னேன், ஆனால் மனதுக்குள் ஒவ்வொரு முறையும் 'நீங்கள்' என்று திருத்திக்கொள்வேன். ஒருநாள் தட்டுகளை அடுக்கியபடியே அவர் கேட்டார்: "இந்த முறை எங்கடை வேட்டைக் குழுவிலை இறைச்சி தூக்க ஆள் காணாது. வாறியோ?"

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் மனைவிக்குச் சொல்லிவிட்டேன். அவளுக்கு ஒரே ஒரு கவலைதான்.

"இஞ்சாருங்கோ, அது மாட்டுச் சாதி இல்லைத்தானே? எங்கடை சட்டிக்கை மாடு ஏறக்கூடாது, இப்பவே சொல்லிப்போட்டன்."

"மாடில்லையப்பா, மரை மாதிரி."

"அப்ப சரி. எலும்போடை பாத்துக் கேட்டு வாங்கிக்கொண்டு வாங்கோ."

ஸ்டோவ்னர் கடைத்தொகுதியில் முழங்கால்வரை வரும் றப்பர் சப்பாத்து வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு வரவேற்பறையில் இரண்டு தரம் நடந்தும் பார்த்தேன். அதைப் பார்த்து மனைவி சிரித்த சிரிப்பு நியாயமானதுதான்.

சனிக்கிழமை விடியப் போனோம். ஒஸ்லோவிலிருந்து இரண்டு மணித்தியால ஓட்டம். குழுவில் ஐந்தாறு பேர். தலைவர் நரைத்த தாடிக்காரர், சிரித்துப் பழக்கமில்லாத மனிதர். அவரிடம் என் அடுப்படி நண்பர் என்னைக் காட்டி, "இவன் என்ரை பொறுப்பு" என்றார். அந்தச் சொல்லை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

காலையிலேயே ஓர் இளம் ஆண் எல்க் விழுந்தது. குடலை எடுத்து, தோலை உரித்து, நாலு கால் பகுதிகளாகவும் முதுகு, கழுத்து என்றும் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு பருத்திப் பையில் போட்டுக் கட்டினார்கள். அந்தச் சதுப்பில் வாகனம் இறங்காது. சட்டம் போட்ட முதுகுப்பையில் வைத்துக் கட்டி, காட்டுப் பாதைவரை மனிதர்தான் சுமக்கவேண்டும். இறைச்சியின் சூடு சட்டைக்குள்ளால் முதுகில் தெரிந்தது. ஒவ்வொரு அடிக்கும் சப்பாத்து புதைந்து, உறிஞ்சிக்கொண்டு வெளியே வந்தது. ஆனால் என் முதுகு மாவு மூட்டை தூக்கிப் பழகிய முதுகு. ஓரிடத்திலும் நிற்காமல் நடந்தேன். பின்னால் வந்த தலைவர், "நல்ல பலம்தான்" என்றார். சிரிக்காத மனிதர் சொன்னதால் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பாதி வழியில் ஓர் ஓடை. அதன் கரையில் தளிர்க்கொப்புகளை வெட்டிப் பரப்பி, கொண்டுவந்த நாலு கால்களையும் அதன்மேல் இறக்கினோம். மிச்சத்தை எடுக்க அவர்கள் திரும்பினார்கள். புதுச் சப்பாத்து என் குதிக்காலைக் கடித்து வைத்திருந்ததை நண்பர் கவனித்திருக்கிறார். "நீ இஞ்சை இரு. காகம் வராமல் பாத்துக்கொள்" என்றார்.

அத்தோடு நான் காகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே. பைகளைப் பார்த்தேன், இரத்தம் ஊறிக் கிடந்தன. ஒன்றை அவிழ்த்தேன். இறைச்சி முழுக்க விலங்கின் மயிர், பாசி, ஊசியிலை. பக்கத்தில் கண்ணாடியாக ஓடுகிற தண்ணீர். எங்கள் வீடுகளில் கோழியானாலும் ஆடானாலும், தண்ணீர் தெளியும்வரை அலசாமல் எந்த இறைச்சியும் சட்டியைக் காணாது. கழுவாமல் சமைத்தார்கள் என்றால் அந்த வீட்டில் கை நனைக்க யோசிப்பார்கள். இவர்கள் களைத்துப்போய் வருவார்கள், அதற்குள் இந்த வேலையை முடித்து வைத்தால் சந்தோசப்படுவார்கள் என்று நினைத்தேன். நிச்சயமாக நினைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

நாலையும் கழுவினேன். ஏனோதானோ என்று இல்லை. ஓடைக்குள் இறக்கி, புரட்டி, மடிப்புகளுக்குள் விரலை விட்டு, எலும்போரத்தில் உறைந்திருந்த இரத்தத்தை நகத்தால் சுரண்டி எடுத்தேன். குளிரில் விரல் விறைத்தது. இறைச்சி வெளிறிச் சுத்தமாக வந்ததும் கொப்புகளின்மேல் வரிசையாக வைத்தேன். பைகளையும் விடவில்லை. கசக்கிப் பிழிந்து பேர்ச் மரக் கிளைகளில் காயப்போட்டேன்.

அவர்கள் வந்தார்கள். முன்னால் வந்தவர் நின்றார், பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். தலைவர் சுமையை இறக்கிவிட்டு வந்து இறைச்சியில் கையை வைத்தார். உள்ளங்கையைப் பார்த்தார்.

"இது ஏன் ஈரம்?"

"நான் கழுவினனான்," என்றேன். பெருமையாகவே சொன்னேன்.

என் நண்பர் நிலத்தைப் பார்த்தார். தலைவர் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, மரத்தில் தொங்கிய பைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தார். அப்போதுதான் ஏதோ பிழை செய்துவிட்டேன் என்று எனக்கு விளங்கியது.

நண்பர்தான் மெல்லிய குரலில் சொன்னார். இறைச்சியைக் குளிரான கொட்டிலில் ஒரு கிழமை முழுக்கத் தொங்கவிடுவார்கள். மேற்பக்கம் காய்ந்து தோல்போல ஆகும், உள்ளே பதமாகும். அதற்காகத்தான் அவ்வளவு கவனமாகத் தண்ணீர் படாமல் கொண்டுவருகிறார்கள். காட்டுத் தண்ணீரில் ஊறிய இறைச்சி அப்படித் தொங்காது, வழவழத்துப் போகும். நத்தார்ப் பண்டிகைக்குப் பொரிப்பதற்கென்று வைத்திருந்த தொடைகளும் அதில்தான் இருந்தன. சொல்லிக்கொண்டே அவர் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி இறைச்சியைத் துடைக்கத் தொடங்கினார். நானும் என் சட்டையைக் கழற்றினேன். "உன்ரை ஈரமாக் கிடக்கு, விடு" என்றார்.

மத்தியானத்துக்குப் பிறகு வேட்டை இல்லை. எல்லோரும் கொட்டிலில் நின்று வெட்டினார்கள், பெரும்பகுதி அரைவை இயந்திரத்துக்குள் போனது. ஒருவராவது கத்தியிருக்கலாம். மடையா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் ஒரு மன்னிப்பைச் சொல்லி நிமிர்ந்திருப்பேன். அவர்களோ எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தார்கள். பால் வேணுமோ என்றும் கேட்டார்கள்.

பிறகு பங்கு பிரித்தார்கள். மேசையில் குவியல் குவியலாக வைத்து, ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க, இன்னொருவர் ஒரு குவியலில் கையை வைத்து, "இது ஆருக்கு?" என்று கேட்பார். திரும்பி நிற்பவர் யாரையாவது சொல்வார். எங்கள் ஊரில் ஆடடித்துப் பிரிக்கும் பங்கு இறைச்சியிலும் ஏமாற்று வராமல் இருக்க இப்படி ஒரு வழி உண்டு. எனக்குப் பங்கு இருக்காது என்று கதவடியில் ஒதுங்கி நின்றேன். "இது ஆருக்கு?" என்று கேட்டதும், சுவரைப் பார்த்து நின்ற தலைவர், "தமிழனுக்கு" என்றார். மற்றவர்களுக்கு என்ன அளவோ அதே அளவு. அதை வாங்கிய கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மனைவி அந்த அரைத்த இறைச்சியை வைத்து ரோல்ஸ் சுற்றிப் பொரித்து, வேலையிடத்துக்கும் ஒரு பெட்டி கட்டித் தந்தாள். "அவையும் ருசி பாக்கட்டும்" என்றாள். பெட்டி நாள் முழுக்க என் அலுமாரிக்குள்ளேயே இருந்தது. மேசையில் யாரோ, வேட்டை எப்படி என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்கும் முன்னரே நண்பர், "நல்லாத் தூக்கினவன்" என்றார். அவ்வளவுதான். கழுவிய கதையை அவர் அங்கே ஒருவருக்கும் சொல்லவில்லை.

அடுத்த செப்டெம்பரில் மேசைப் பேச்சு மறுபடி தொடங்கியது. எப்போது போகிறாய் என்று யாரோ நண்பரைக் கேட்டார்கள்.

"இந்த வருசம் போகேல்லை. முழங்கால்."

காலை முழுவதும் அவர் தட்டு வண்டிகளைத் தள்ளியதை நான் பார்த்திருந்தேன். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. இடைவேளை முடிந்ததும் அடுப்படியில் பிடித்துக் கேட்டேன். வண்டியை உள்ளே தள்ளி, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:

"இந்த முறை உன்னை விட்டிட்டுத் தனிய வா எண்டு சொன்னவை. நான் மாட்டன் எண்டிட்டன்."

அவர் இளந்தாரியாக இருந்த காலத்திலிருந்து போய்வந்த குழு அது. எனக்குக் கோபம் வந்தது, அவர்மேல்தான் வந்தது. இதைச் செய்யச் சொல்லி நான் கேட்டேனா?

"நீங்கள் போயிருக்கலாம்தானே," என்றேன்.

அவர் குனிந்து அடுப்பின் கண்ணாடிக்குள்ளே பாணைப் பார்த்தார்.

"ஓம். போயிருக்கலாம்," என்றார்.

அந்த மேசையில் எனக்கொரு கதை வேண்டும் என்று போனவன் நான். அந்த மாதம் முழுவதும் மற்றவர்கள் வேட்டையைப் பற்றிக் கதைக்க, அவர் தன் பாண் துண்டையும் நான் என் சோற்றையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பேசாமல் சாப்பிட்டோம்.