இடைவேளை வரை ஒரு மலையாளப் படம்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்பு. நான் தாளில் எழுதித் தருவதை மேரி டீச்சர் தட்டச்சு செய்து இந்த வலைப்பக்கத்தில் போடுகிறார். எழுபத்து மூன்று வயதில் அவர் வகுப்பில்தான் தமிழ் எழுத்தும் மலாய் எழுத்தும் கற்றேன். என் 'ழ' இன்னும் கோட்டைத் தாண்டி ஓடுகிறது. அதைப் படித்துத் தட்டச்சு செய்யும் டீச்சர் பாவம்.

போன சனிக்கிழமை எங்கள் ஊர் புக்கிட் செலம்பாவிலிருந்து பக்கத்து நகரமான சுங்கை பட்டாணிக்குப் படம் பார்க்கப் போனேன். போராட்டக் காலத்தில் ஆளாகும் ஒரு பையனைப் பற்றிய மலையாள அரசியல் படம். போகச் சொன்னவன் குருணில் இருக்கும் என் நண்பன் ராகவன். குளியலறையில் வழுக்கி விழுந்து படுத்திருந்தான். "பாத்துட்டு நேரா இங்க வாடா. அந்தப் பையன் யாரு பக்கம் நிக்கிறான்னு எனக்குத் தெரியணும்" என்றான்.

காரணம் உண்டு. எங்கள் ரப்பர் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது எங்களுக்குப் பதினெட்டு வயது. அவன் அப்பா தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி, நிர்வாகத்தின் பக்கம். என் அப்பா பால்மரம் வெட்டுபவர். ராகவன் ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கள் லயத்து வீட்டுக்கு வந்துவிட்டான். அவன் அப்பா சாகும்வரை அவனோடு பேசவில்லை.

அவனுக்கு வீட்டிலிருந்து காசு நின்றதும், படத்துக்கு எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். ஒருவன் பார்த்துவிட்டு வந்து மற்றவனுக்குக் கதை சொல்வான். இடைவேளையில் நிறுத்திவிடுவான். கேட்பவன் காப்பி வாங்கிக் கொடுத்தால்தான் மீதி. இந்தச் சட்டத்தை நாங்கள் ஒருநாளும் மீறியதில்லை.

காலை பத்தரை மணிப் பேருந்து, கட்டணம் மூன்று வெள்ளி. அதன் நெற்றியில் இருந்த ஊர்ப் பெயரை நானே வாசித்தேன். முன்பெல்லாம் கையைக் காட்டி நிறுத்தி, "பட்டாணி போவுதா?" என்று கேட்பேன். சந்தோஷத்தில் திரும்பிப் பார்த்தேன். சொல்லிக்கொள்ள நிறுத்தத்தில் ஒருவரும் இல்லை.

முதியோர் டிக்கெட் ஒன்பது வெள்ளி. இருக்கை எண்ணையும் நானே வாசித்து உட்கார்ந்தேன். என் வரிசையில் வேறு யாரும் இல்லை. கடுங்குளிர், தடித்த சட்டை கொண்டு போங்கள். மலையாளம் ராகவன் பேசிப் பேசிப் பாதி தெரியும். மீதிக்குக் கீழே வரும் மலாய் வரிகள். நான் கடைசிச் சொல்லை எட்டுவதற்குள் வரி ஓடிவிடும்.

பையன் கல்லூரியில் சேர்ந்ததும் போராட்டம் தொடங்குகிறது. அவன் அப்பா போலீஸ்காரர். ஒரு பாலத்தில் ஊர்வலம் வருகிறது. எதிரே தடியோடு நிற்கும் வரிசையில் அப்பா. கையில் கொடியோடு பையன் நின்றுவிடுகிறான். இடைவேளை. இங்கே அதற்கு விளக்குப் போடமாட்டார்கள். திரையில் அந்தச் சொல் மட்டும் வந்து போகும்.

படம் முடிந்ததும் வாடகைக் கார் பிடித்துக் குருணுக்குப் போனேன், முப்பது வெள்ளி.

"படம் பாக்கவா அங்கிள் இவ்ளோ அலைச்சல்? போன்லயே வந்துரும்லா" என்றார் ஓட்டுநர்.

"படம் வரும் தம்பி. காப்பி வராதே."

ராகவன் வீட்டுக் கதவு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு லெட்சுமி எட்டிப் பார்த்தார். "நேத்து வலி தாங்கல அண்ணே. இடுப்பெலும்பு ஒடைஞ்சிருக்காம். மக வந்து காடியில ஏத்தி ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டா. ஒங்களுக்குச் சொல்லலியா?"

சொல்லவில்லை. பூட்டிய வாசலில் நின்றபடி அவன் மகளுக்குப் போன் செய்தேன். அவள் போனை ராகவனிடம் கொடுத்தாள். குரல் மெலிந்திருந்தது.

"பாத்தியாடா? சொல்லு."

சொன்னேன். பாலம் வந்தது. "இடைவேளை" என்றேன்.

"டேய், இங்க காப்பிக்கு எங்கடா போவேன்? புதன்கிழம ஆபரேஷன். சொல்லிரு."

"சட்டம் சட்டந்தான்."

"பாவி!" சிரித்தான், சிரிப்பு இருமலானது. மகள் போனை வாங்கி, "சொல்லிருங்க அங்கிள், பாவம்லா" என்றாள். நான் சொல்லவில்லை.

திரும்பும் பேருந்தில் பாதிக் கதையோடு தனியாக உட்கார்ந்திருந்தேன். சொல்லியிருக்கலாமோ என்று குருணிலிருந்து பட்டாணிவரை யோசித்தேன். இன்னும் யோசிக்கிறேன். ஆனால் கேட்காத பாதிக்காக எவ்வளவு மழையிலும் நடந்து வந்தவன் அவன்.

போகிறவர்களுக்கு இரண்டு சொல். நண்பர் வீட்டுக்குப் புறப்படுமுன் போன் செய்யுங்கள். படத்தை ஏற்கெனவே பார்த்தவர்கள் தயவுசெய்து கீழே கருத்தில் முடிவை எழுதாதீர்கள். மகள் இதை அவனுக்கு வாசித்துக் காட்டுவாள்.

வியாழக்கிழமை ஈப்போ போகிறேன். அந்த மருத்துவமனைக் கேண்டீனில் காப்பி என்ன விலை என்று அடுத்த வாரம் எழுதுகிறேன். காசு கொடுக்கப்போவது ராகவன்.