கரையில் நின்று கூப்பிட்டவள்

அந்தக் கிழவரை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. கனடாவில், ஸ்காபறோவில் ஒரு முதியோர் இல்லத்தில் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் உள்ளே போய்க் கோட்டைக் கழற்றுவதற்குள், "நீங்கள் கதவால் வந்த விதம் சரியில்லை. வெளியே போய் இன்னொரு தரம் வாருங்கள்" என்றார். பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் அன்று காலை முழுக்க ஓர் ஆஸ்பத்திரியில் இன்னொருவருடைய புற்றுநோயை வாயால் சொல்லிவிட்டு வந்திருந்தேன். பகிடியை ரசிக்கும் நிலையில் நான் இல்லை.

"நான் நடிக்க வரவில்லை. மொழிபெயர்க்க வந்திருக்கிறேன்" என்றேன்.

அவருக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. மிசிசாகாவிலிருந்து வந்திருந்த அவருடைய மகள்தான் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார். எங்கள் பேச்சு எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. இங்கே நான் அதைத் தமிழில் எழுதுகிறேன், என் வேலைப் பழக்கத்தில்.

தொண்ணூறைத் தாண்டிய அந்த மனிதர் ஒரு காலத்தில் பிரிட்டனில் பெயர்போன திரைப்பட இயக்குநர். வடக்கு இங்கிலாந்தில் ஓர் இறைச்சிக் கடைக்காரரின் பிள்ளை. பள்ளிக்கூடத்தை விட்டதும் ஸ்டூடியோவில் மைக்கை நீண்ட தடியில் கட்டி நடிகர்களின் தலைக்கு மேலே பிடிக்கும் வேலை கிடைத்திருக்கிறது. அங்கிருந்து சுரங்கத் தொழிலாளர் பற்றிய விவரணப் படங்கள், பிறகு மலிவான துப்பறியும் படங்கள். சத்தத்திலிருந்து வந்தவர் என்பதால் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. கூட்டம் வரும் காட்சிகளில் அந்த இடத்தில் பதிவான சத்தத்தைத்தான் படத்தில் வைப்பார், ஸ்டூடியோவில் திரும்ப எடுக்கவே மாட்டார். அந்தப் பிடிவாதத்தால் வந்ததுதான் அவருடைய பெயரும் புகழும். பிறகு புதிதாக வந்த பையன்கள் கமராவைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவில் ஓடத் தொடங்கவும் இவருடைய படங்கள் பழசாகிவிட்டன. இரண்டு படங்கள் படுத்ததும் கப்பலேறிக் கனடாவுக்கு வந்து, ரீவி நாடகங்கள் எடுத்து, கல்லூரியில் படிப்பித்து, கடைசியில் இந்தக் கட்டிலுக்கு வந்து சேர்ந்திருந்தார்.

அவரைத் தூக்கிவிட்ட படம் முத்துக் குளிப்பவர்களைப் பற்றியது. அதை எடுத்த இடம் மன்னார்க் கரை. நான் பிறந்து வளர்ந்தது அந்தப் பக்கம்தான். ஆனாலும் அப்படி ஒரு படம் எடுத்தார்கள் என்று வீட்டில் ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

இப்போது அந்தப் படத்தின் பழைய சுருளைக் கழுவித் துடைத்துப் புதிதாக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு காட்சி. காற்று வீசுகிற கடலில் பெரிய வள்ளம் ஒன்றைக் கயிறு கட்டிக் கரைக்கு இழுக்கிறார்கள். இழுப்பவர்கள் எல்லாரும் அன்றைய கூலிக்குப் பிடித்துவந்த ஊர் ஆட்கள். இழுக்கும்போது கயிறு ஒருவரின் காலில் சுற்றி, அவர் வள்ளத்துக்கு அடியில் போய்விட்டார். கமரா ஓடிக்கொண்டிருந்தது. மனிதர் இறந்துபோனார். படக் கம்பெனியின் காகிதங்களில் 'கூலியாள் ஒருவர்' என்று மட்டும்தான் இருந்ததாம்.

"படத்தின் தொடக்கத்தில் அவருடைய பெயரைப் போட வேண்டும்" என்றார் கிழவர். "நான் போவதற்கு முன் அது ஒன்று நடக்க வேண்டும். அவருடைய மனைவி கரையில் நின்று கத்துகிறாள். அது படத்திலேயே கேட்கும். புருஷன் கண்ணுக்கு முன்னால் போகும்போது எந்தப் பெண்ணும் பெயர் சொல்லித்தானே கூப்பிடுவாள்? அந்தப் பெயரைக் கேட்டுச் சொல்லுங்கள்."

எனக்கு விடை அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் கேட்பதற்கு முன் சொல்வது என் தொழிலுக்கு ஆகாது. கேட்டுவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மில்லிக்கனில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கொம்பியூட்டரை வைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, அவருடைய மகள் அனுப்பிய அந்தக் காட்சியைக் கேட்டேன். முதலில் காற்று. பிறகு இழுப்பவர்கள் சேர்ந்து போடும் சத்தம். பிறகு அது குழம்பிப்போய், "விடுங்கோ, கயித்தை விடுங்கோ, ஆள் கீழை" என்று ஓர் ஆண் குரல். அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பெண்.

"இஞ்சாருங்கோ. இஞ்சாருங்கோ."

திரும்பத் திரும்ப அது ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் பெண்சாதி புருஷனைக் கூப்பிடுகிற சொல் அது. பெயரைச் சொல்லக் கூடாது என்று வளர்ந்த பெண்கள். ஆஸ்பத்திரிகளில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்: உன் கணவர் பெயர் என்ன என்று நர்ஸ் கேட்பாள், முன்னால் இருக்கும் வயதான அம்மா என்னைப் பார்ப்பார், தன் மகனைப் பார்ப்பார், வாய் திறக்க மாட்டார். மறதி வந்துவிட்டது என்று நர்ஸ் குறித்துக்கொள்ளப் போவாள். எனக்கு அந்த அம்மாவிலும் கோபம் வரும், நர்ஸிலும் கோபம் வரும்.

என் கணவர் பிறம்ரனில் வேலை முடிந்து வந்து சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தார். "என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி இருக்கிறாய்?"

"புருசன் தண்ணிக்குள்ளை போறார். மனுசி பேர் சொல்லேல்லை."

"அந்தக் காலத்து மனுசி எப்பிடிச் சொல்லும்? நீயே இண்டைக்கு வரைக்கும் என்ரை பேர் சொன்னனியே?"

நான் ஹெட்ஃபோனைத் திரும்பவும் மாட்டிக்கொண்டேன்.

இங்கே இருக்கிற வயதான மன்னார் ஆட்களுக்கெல்லாம் போன் அடித்தேன். தேவாலயத்தில் கண்டு பழகிய ஓர் அன்ரி மட்டும், "வெள்ளைக்காரன் படம் பிடிச்சவன் எண்டு கேள்விப்பட்டனான் பிள்ளை. செத்தது ஆர் எண்டு தெரியாது. அந்தக் கரையிலை இருந்த சனம் சண்டைக்குள்ளை திக்குத் திக்காப் போயிட்டுது" என்றார். அதற்கு மேல் கேட்க ஆள் இல்லை.

அடுத்த தடவை போனபோது மகள் என்னை இல்லத்தின் கார் தரிப்பிடத்திலேயே மறித்தார். காருக்குள் கூட்டிப்போய் ஹீட்டரைப் போட்டுவிட்டு, பெயர் கிடைத்ததா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"அப்பாவுக்கு இனி நாள் இல்லை" என்றார். "உங்கள் ஊரில் சாதாரணமாக இருக்கும் ஒரு பெயரைச் சொல்லுங்கள். ஏதாவது ஒன்று. யாருக்கும் நட்டமில்லையே."

சுள்ளென்று வந்தது எனக்கு. ஊரில் சாதாரணமாக இருக்கும் பெயர். அகதி விசாரணைகளில், ஒரு பெயரை மாற்றிச் சொன்னதற்காக ஆட்களைப் பொய்யர் என்று முடிவுகட்டியபோது நான் பக்கத்தில் இருந்திருக்கிறேன். வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன், ஆனால் அவர் அழுதுகொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய ஒரு மனுஷி, அப்பாவுக்காக. என் அப்பா என்றால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேனோ என்று ஒரு நினைப்பு ஓடியது. பெயருக்கா பஞ்சம்? எங்கள் குடும்பத்தில் மட்டும் இறந்த ஆண்களின் பெயர்கள் எத்தனை இருக்கின்றன. ஒன்றைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். மகளோடு மேலே போகும் லிஃப்ற்றிலும் ஒரு பெயர் என் நாக்கு நுனியில் இருந்தது.

கிழவர் முகச்சவரம் செய்து, கழுத்துப்பட்டி கட்டிக் காத்திருந்தார். அதைக் கண்டதும் பொய் சொல்ல முடியாது என்று தெரிந்துவிட்டது.

"அவள் பெயர் சொல்லவில்லை" என்றேன். "எங்கள் பெண்கள் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. உயிர் போகிற நேரத்திலும் அவளுக்கு அது வாயில் வரவில்லை. கயிற்றை விடச் சொல்லி ஆட்கள் கத்துகிறார்கள். அவள் அவரைக் கூப்பிடுகிறாள். அவ்வளவுதான் படத்தில் இருக்கிறது."

"என்னவென்று கூப்பிடுகிறாள்?"

சொன்னேன். புருஷனைத் தவிர வேறு யாரையும் அவள் அந்தக் குரலில் கூப்பிட்டிருக்க மாட்டாள் என்றும் சொன்னேன். அவர் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தார். ஓர் எழுத்தும் பிசகவில்லை. அத்தனை வருஷமும் காதுக்குள் வைத்திருந்திருக்கிறார்.

பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அது கூட்டத்தின் சத்தத்தில் அமுங்கிக் கிடந்தது. லண்டனில் சத்தங்களைக் கலக்கும்போது நான்தான் அவளுடைய குரலை உயர்த்தினேன்."

"அப்போது அவர் இறந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவள் அவருடைய மனைவி என்றும் தெரியும்." பிறகு, "படத்துக்கு நன்றாக இருந்தது" என்றார்.

மகள் எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு அந்த மனிதரில் வெறுப்பு வந்தது. அதே நேரம் கழுத்துப்பட்டியோடு இருந்த அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"இப்போது குறைத்துவிடலாம்" என்றார். "நான் சொன்னால் செய்வார்கள். குறைக்கச் சொல்லட்டுமா?"

மொழிபெயர்ப்பாளரிடம் அபிப்பிராயம் கேட்கக் கூடாது, கேட்டாலும் சொல்லக் கூடாது. ஆனால் சொன்னேன். "வேண்டாம். அதையும் எடுத்துவிட்டால் அந்த மனிதனுக்கு ஒன்றும் மிஞ்சாது."

அவர் தலையாட்டினார். கழுத்துப்பட்டியைக் கழற்றத் தெரியாமல் இழுத்துக்கொண்டிருந்தார். நான்தான் கழற்றிவிட்டேன்.

குளிர் முடிவதற்குள் அவர் போய்விட்டார். வசந்தத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் நகரத்தில் படத்தைக் காட்டினார்கள். நான் தனியே போனேன். தொடக்கத்தில் கறுப்புத் திரையில் இரண்டு வரி வந்தது: இந்தப் படத்தை எடுக்கும்போது கயிற்றில் சிக்கி இறந்தவருக்கு. அவருடைய பெயர் எங்களுக்குத் தெரியாது. சாகுமுன் அவரே சொல்லி எழுதுவித்ததாம். அந்தக் காட்சி வந்தபோது அவள் குரல் முழுசாகக் கேட்டது. எனக்கு முன்னால் இருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், என்ன அருமையான சத்தம் என்று முணுமுணுத்தார். எழுந்து அவருடைய தலையில் ஒன்று போடலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது கணவர் கீழே பேஸ்மென்ற்றில் எதையோ திருத்திக்கொண்டிருந்தார். நான் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் படிக்கட்டின் தலைப்பில் நின்று, கலியாணம் கட்டின இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

கையில் ஸ்குரூட்ரைவரோடு அவர் படிகளில் பாய்ந்து ஏறி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன, ஆருக்கு என்ன நடந்தது?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை" என்றேன்.

அவர் நம்பவில்லை. போனை எடுத்து, பிள்ளைகளுக்கு ஒவ்வொருவராக அடிக்கத் தொடங்கினார்.