கைக்குழந்தைக்கு ஒரு மருந்து

ஓசூரில் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. இதயக் கோளாறுள்ள கைக்குழந்தையோடு அஞ்செட்டி மலைப்பகுதியிலிருந்து ஒரு தாய் வந்தார். டாக்டர் எழுதிய மருந்து, பெரியவர்களுக்கான மாத்திரையாக மட்டுமே இருந்தது.

"இத்தனூண்டு குழந்தைக்கு இத எப்படிம்மா உடைச்சுக் குடுக்கறது?" என்று கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை. பெங்களூரில் ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்குப் போன் செய்தேன். போனை எடுத்த பெண் மருந்தாளுநருக்கு நான் யாரென்றே தெரியாது. ஆனாலும், "லைன்லயே இருங்க, பயப்படாதீங்க" என்று கன்னடம் கலந்த தமிழில் சொல்லி, மாத்திரையைத் திரவ மருந்தாக்கும் முறையைப் பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னபடியே நான் கலந்தேன்; எங்கள் டாக்டர் அளவைச் சரிபார்த்தார். ஊசியில்லாத சிரிஞ்சில் கொடுத்ததும் குழந்தை சப்புக்கொட்டி விழுங்கியது.

"இதெல்லாம் எங்க மேடம் கத்துக்கிட்டீங்க?" என்றேன்.

"குழந்தைங்க மருந்துக்குன்னே ரெசிடென்சி, அதாவது ஆஸ்பத்திரியிலயே மேல்பயிற்சி, பண்ணேன். நீங்களும் வாங்களேன்."

அந்தப் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன்; முதல் முறை எனக்கு இடம் கிடைக்கவில்லை. "இருக்கற வேலை போதாதா?" என்றார்கள் வீட்டில். மறுபடியும் முயன்றேன், கிடைத்தது. இப்போது அதே பயிற்சியில் டாக்டர்களோடு வார்டு வார்டாகப் போகிறேன். சோர்ந்துபோகும் நாட்களும் உண்டு. ஆனாலும் முடித்துவிட்டு ஓசூருக்குத்தான் திரும்புவேன். மலையிலிருந்து பஸ் பிடித்து வரும் தாய்மார்களுக்குப் பதில் சொல்ல, அங்கேயே ஒருத்தி இருக்க வேண்டும்.