கறுப்பு மூட்டை

தண்டையார்பேட்டையில் எங்கள் கிடங்கில் வால்நட் உடைக்கும் உஸ்மாவைப் போல ஒரு வெகுளியை நான் பார்த்ததில்லை. புருஷன் போன பிறகு அவள் கையில் இருக்கும் சுத்தியல்தான் அவளுக்குச் சோறு. எதிரே உட்கார்ந்து உடைக்கும் ஜோடி கெங்கம்மா. இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். பார்க்கிற எனக்கே பொறாமையாக இருக்கும்.

கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. ஜோடியில் முதலில் வருகிறவள் இருவருக்கும் மூட்டை எடுப்பாள். இரண்டையும் கொட்டிக் கலந்து பாதி பாதியாகப் பிரிப்பாள். மற்றவள் ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். கேட்டால் ஜோடிக்கே அவமானம்.

மெஷின் வரப்போகிறது, இனி ஜோடிக்கு ஒருத்திதான் என்று முதலாளி சொல்லிவிட்டார். யார் பருப்பை உடையாமல் அதிகம் எடுக்கிறாளோ அவளுக்கு வேலை. அதைப் பார்க்கக் குறித்த நாள் காலையில்தான் கெங்கம்மா மகளுக்குப் பரீட்சை. பள்ளிக்கூடத்தில் விட்டு வரச் சொல்லி உஸ்மாவிடம் கேட்டாள். இந்த மகராசியும் போனாள்.

திரும்பி வந்தால் அவள் இடத்தில் மூட்டை தயாராக இருந்தது. பிரித்தால் அத்தனையும் கறுப்பு வால்நட். காஷ்மீர் வால்நட்டும் இதுவும் ஒரே குடும்பத்து மரமாம். யார் நம்புவார்கள்? காஷ்மீர்க் காய்க்கு மெல்லிய ஓடு, நடுவில் ஒரு கோடு. அதில் ஒரு தட்டு தட்டினால் பருப்பு முழுசாக வந்து விழும். அமெரிக்காவிலிருந்து வந்த இந்தக் கறுப்புச் சனியன் மேலெல்லாம் கரடுமுரடு, கருங்கல்லேதான். ஓங்கி அடித்தால்தான் திறக்கும், திறந்தால் பருப்பு தூளாகிவிடும். தலையெழுத்து என்று உஸ்மா அடித்துக்கொண்டே இருந்தாள். எதிரே கெங்கம்மா முழுசு முழுசாக எடுத்தாள், தலை நிமிரவேயில்லை.

சாயங்காலம் உஸ்மாவின் தட்டைப் பார்த்து மேஸ்திரி ராசையா திகைத்தார்.

"இன்னாம்மா இது? ரெண்டு ரகத்தையும் கலந்து பிரிச்சிக்கினு உடைங்கன்னு கெங்கம்மாகிட்ட சொல்லித்தானே குடுத்தேன்?"

முதலாளி தட்டைத்தான் பார்ப்பார், தன்னால் ஒன்றும் ஆகாது என்று மேஸ்திரி கையை விரித்துவிட்டுப் போனார். நான் கெங்கம்மாவைப் பார்த்தேன். துரோகி, வேறென்ன சொல்வது?

"எனுக்கு வேற வழி தெர்ல உஸ்மா," என்றாள் கெங்கம்மா, தரையைப் பார்த்தபடி.

உஸ்மா சுத்தியலைத் துணியில் சுற்றினாள்.

"நாளைக்கும் பாப்பாவுக்குப் பரீட்ச கீதுல்ல? நான் வூட்லதானே இருப்பேன், நானே இட்டுகினு போறேன். நீ நேரத்தோட வந்து மூட்டைய எடு."