அழித்த இரண்டு வரி

நெருக்கடி நிலை அமலில் இருந்த காலம். தி.நகரில் ஓர் அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அபிராமபுரத்தில் ஒரு பள்ளியின் மாடிக் கூடத்தில் வெளிநாட்டுப் படம் போடும் ஃபிலிம் சொசைட்டியில் உறுப்பினர். டைப் தெரிந்தவள் என்பதால் படத்தைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு எழுதி பிரதி எடுப்பதற்கான ஸ்டென்சில் தாளில் அடித்துக் கொடுப்பது என் தலையில் விழுந்தது. சும்மா சொல்லக்கூடாது, எனக்குப் பிடித்த வேலைதான்.

அந்த மாதம் வந்தது ஓர் ஈரானியப் படம். கிணறு வெட்டும் ஒருவனின் கதை. சென்சார் கத்தரி படாத படம் என்பதற்காகவே வருகிற சிலர் எங்களிடம் உண்டு. "சீன் ஏதாவது இருக்கா?" என்று முன்கூட்டியே விசாரித்து, இல்லை என்றதும் முகம் வாடினார்கள்.

எனக்கோ படத்தைவிட அதை எடுத்தவரின் கதை பிடித்துப் போயிற்று. நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டித் திரட்டினேன். மருந்துக்கடையில் வேலை பார்த்தவர். முதல் இரண்டு படங்களைச் சீந்துவாரில்லை. மூன்றாவது இது. "நம் நாட்டில் இவ்வளவு வறுமை இல்லை" என்று சொல்லி அவருடைய அரசாங்கம் படத்தைப் பூட்டி வைத்தது. யாரோ ஒரு நண்பர் ஒரு பிரதியை வெளிநாட்டு விழாவுக்குக் கொண்டுபோக, பரிசு கிடைத்தது. குறிப்பில் நான் எழுதியது இரண்டே வரி: "இந்தப் படத்தை அவர் நாட்டு அரசாங்கம் பூட்டி வைத்தது. பரிசு வந்ததும் பூட்டியவர்களே ஊர் ஊராக அனுப்புகிறார்கள்."

சொசைட்டித் தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி, மயிலாப்பூர்க்காரர். ஸ்டென்சிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தார்.

"இந்த ரெண்டு வரி வேண்டாம்மா. இப்போ இருக்கற நிலைமையில யாராவது வேற அர்த்தம் பண்ணிண்டா? அழிச்சுட்டு, இயற்கைக் காட்சிகள் அற்புதம்னு போட்டுடு."

"உண்மையைத்தானே சார் எழுதியிருக்கேன்?"

"யார் இல்லேன்னா? அதனாலதான் வேண்டாங்கறேன். இல்லேன்னா குறிப்பே வேண்டாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படம் எடுத்தவர் பட்டதெல்லாம் அந்த இரண்டு வரியில்தான் இருந்தது. அதை எடுத்துவிட்டு இயற்கைக் காட்சியாம். படத்தில் மரமே கிடையாது!

அழித்தேன். நகப்பூச்சு மாதிரி இருக்கும் சிவப்புத் திரவத்தைத் தடவினேன். அதன் மேல் பொய்யை அடிக்க மட்டும் கை வரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

மந்தைவெளியில் ஸ்டென்சிலை மெஷினில் ஏற்றி சைக்ளோஸ்டைல் பிரதி எடுத்துத் தருபவர் முதல் தாளைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார்.

"இன்னாம்மா, நடுவுல வெள்ளையா கீது? பாக்கறவன்லாம் இன்னான்னு கேப்பானே."

அவர் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. "கேக்கட்டும். நீங்க ஓட்டுங்க" என்றேன்.

கேட்டார்கள். வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் தாளைக் கொடுத்தேன். கேட்ட ஒவ்வொருவருக்கும் அந்த இரண்டு வரியையும் வாயால் சொன்னேன். சீன் விசாரித்தவர்கள்கூடக் கேட்டார்கள்.

தலைவர் மனைவியோடு வந்தார். மாமி தாளைப் பார்த்துவிட்டு, "இங்க என்னம்மா எழுதியிருந்தே?" என்றார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்தே இரண்டு வரியையும் சொன்னேன்.

மாமி கணவர் பக்கம் திரும்பினார். "நீங்க எடுக்கச் சொன்னேளா?"

மாமி அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவி என்னிடம் நீட்டினார்.

"எழுதிக் குடு."

தாளைச் சுவரில் வைத்து எழுதினேன். பின்னால் நின்றவர்களும் தங்கள் தாளை நீட்ட ஆரம்பித்தார்கள். படம் தொடங்கத் தாமதமாயிற்று.

அடுத்த மாதத்திலிருந்து குறிப்பு அடிக்க வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். பேனாவைத் தலைவர் திருப்பிக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.