தெகி

பூமியைச் சுற்றி இரண்டு கதிர்வீச்சு வளையங்கள், நடுவில் காலி இடம். புத்தகங்கள் அப்படித்தான் சொல்லின, பேராசிரியர் மஞ்சுநாத்தும் அப்படித்தான் சொன்னார். மைசூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் அவரிடம் டாக்டர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்த சுலோசனா, ஐந்து வருடமாக அந்த வளையங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

செயற்கைக்கோள் தன் பாதையில் படுகிற துகள்களை மட்டுமே அளக்கும். பஸ் போகிற தெருவை மட்டும் பார்த்துவிட்டு ஊரைப் பற்றிச் சொல்வது போலத்தான். மிச்சத்தைக் கம்ப்யூட்டரில் உள்ள மாடல் நிரப்ப வேண்டும். இரண்டையும் சேர்க்கும்போது எதை எவ்வளவு நம்புவது என்பதில்தான் வேலையே இருக்கிறது.

கர்நாடகத்திலேயே இருந்த சொந்த ஊர் ஹனூருக்குப் போனால் அம்மா நாச்சம்மாள் பிடித்துக்கொள்வாள். "இன்னும் எத்தன வருசங் கண்ணு படிப்பே? கேக்கறவங்களுக்கு நா என்னன்னு சொல்றது?"

"இந்த வருசம் முடிஞ்சிருமுங்கம்மா."

1991 மார்ச்சில் சூரியப் புயல் அடித்தது. அந்த நாட்களின் அளவுகள் டேப்பில் வந்தபோது, காலி இடத்தில் துகள்கள் மொய்த்துக்கிடந்தன. சுலோசனா வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு பேராசிரியரிடம் ஓடினாள். மாடலில் இல்லாத ஒன்று வானத்தில் இருப்பதை மஞ்சுநாத் விரும்பவில்லை.

"அதன்ன தெகி" என்று ஈயை விரட்டுவதுபோல் கையை வீசினார்.

கன்னடத்தில் 'அதன்ன' என்றால் அதை, 'தெகி' என்றால் நீக்கு. கதவைத் திறக்கச் சொல்லவும் அதே சொல்தான். கை வீசிய விதத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை. சுலோசனா மனமில்லாமல் அந்த அளவுகளை நீக்கினாள்.

அடுத்த வருடம் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் கட்டுரை வந்தது. அதே நாட்கள், அதே இடம், புதிதாக ஒரு வளையம். துறைக் கூட்டத்தில் யாரோ கேட்க, மஞ்சுநாத் அசராமல் பதில் சொன்னார். தெகி என்றுதான் சொன்னாராம். திறந்து ஆராயச் சொன்னதை அந்தப் பெண் தூக்கிப் போட்டுவிட்டாளாம், தமிழ் வீட்டுப் பெண், கன்னடம் அரைகுறை. எல்லோரும் சிரித்தார்கள். கனவில்கூடக் கன்னடம் பேசுகிறவள் சுலோசனா. வார்த்தையைச் சொன்னதாக அவரே ஒப்புக்கொள்கிறார், கை வீசியதற்கு யார் சாட்சி?

அவர் அறைக்குப் போய், விட்டதைச் சேர்த்து முதலிலிருந்து செய்வதாகச் சொன்னாள்.

"செய்யலாம், வேறு யாரிடமாவது" என்றார் அவர். "ஆய்வேட்டை இருக்கிறபடி கொடுத்தால் நாளைக்கே கையெழுத்துப் போடுகிறேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. அம்மாவின் முகமும் கூடவே வந்தது. இருக்கிறபடியே கொடுத்தாள்.

பட்டம் கிடைத்தது. நாச்சம்மாள் தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். அந்த மார்ச் மாதம் அங்கே ஒன்றுமே இல்லை என்று டாக்டர் சுலோசனா எழுதியது, கறுப்பு அட்டை போட்டு நிலையத்து நூலகத்தில் இருக்கிறது.