ஐஸில் விழுந்தவள்

கண்டக்குழிச் சொந்தங்களுக்கும் இதை வாசிக்கிற எல்லாருக்கும் ஜெசிந்தா எழுதுகிறேன். நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மற்றப் பாதிப் பேர் அதைக் கை கால் முளைத்த கதையாகக் கேட்டிருப்பீர்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் கணுக்கால் உடைந்த அன்று நான் செபிக்கவில்லை. ஆண்டவரைத் திட்டினேன். தமிழில் திட்டியதால் அங்கே நின்ற ஒருவருக்கும் விளங்கவில்லை. அவருக்கு விளங்கியிருக்கும்.

நான் ஐஸ் நடனக்காரி. சப்பாத்துக்கு அடியில் கத்தி போன்ற தகடு பூட்டிக்கொண்டு, உறைந்த தரையில் ஓர் ஆணும் பெண்ணும் சோடியாகச் சறுக்கி ஆடுகிற போட்டி அது. இலங்கையின் மீன்பிடிக் கரையான கண்டக்குழிப் பெண்ணுக்கு இது எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அப்பா காலமான பிறகு அம்மா இத்தாலிக்குப் போனார். யுத்தம் முடிந்த கையோடு என்னையும் அங்கே எடுப்பித்துக்கொண்டார். மலையடியில் ஒரு சின்ன நகரம். அங்கே இருந்த ஐஸ் அரங்கைக் கூட்டித் துடைப்பதுதான் அம்மாவின் வேலை. வீட்டில் என்னைப் பார்க்க ஆள் இல்லாததால் என்னையும் கொண்டுபோவார். அவர் கதிரைகளைத் துடைக்கிற நேரத்தில் நான் வாடகைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஐஸில் இறங்குவேன். எனக்கு அப்போது ஏழு வயது. வளர்ந்து மத்தேயோ என்ற இத்தாலியப் பொடியனோடு சோடி சேர்ந்து போட்டிகளுக்குப் போனேன். துப்புரவுக்காரியின் கறுத்த மகள் ஆட வந்துவிட்டாள் என்று சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் நாங்கள் புள்ளி எடுத்துவிடுவோம்.

அப்படி ஆடிக்கொண்டிருந்த காலத்தில்தான், ஒரு பயிற்சியின்போது மத்தேயோ என்னைத் தூக்கிச் சுழற்றுகையில் அவனுடைய தகடு ஐஸில் இருந்த பள்ளத்தில் மாட்டியது. இருவரும் விழுந்தோம். என் வலது கால் அவனுக்கு அடியில் அகப்பட்டது. இரும்பும் ஆணியும் வைத்துப் பூட்டினார்கள். மாதங்கள் போயின. எலும்பு பொருந்திவிட்டது, இனி ஆடலாம் என்று வைத்தியர் சொன்னார். ஆனால் கால் ஐஸில் இறங்க மறுத்தது. அரங்கின் வாசல்படியில் நின்றாலே முழங்கால் வெடவெடக்கும். வியர்த்துக் கொட்டும். திரும்பி வந்து கழிப்பறையில் வாந்தி எடுப்பேன். உயிர்த்த ஞாயிறுப் பாஸ்கு கழிந்தும் இப்படியே இருந்தால் மத்தேயோவுக்கு வேறு பெண் பார்ப்போம் என்று பயிற்சியாளர் நேரடியாகச் சொல்லிவிட்டார். அவரில் பிழை இல்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அம்மா என்னைப் பெரியம்மாவிடம் கண்டக்குழிக்கு அனுப்பினார். மெற்றில்டா பெரியம்மா என் தாயின் மூத்த சகோதரி. நல்ல மனுசி. ஆனால் குட்டைப் பாவாடையோடு ஒரு பொடியனின் கையைப் பிடித்து ஆடுவது அவருக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. என் சறுக்குச் சப்பாத்தைக் 'கத்திச் சப்பாத்து' என்று சொல்லி அலுமாரிக்கு அடியில் தள்ளிவிட்டார்.

நான் சாப்பிடவில்லை. நித்திரை கொள்ளவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். பின்னேரங்களில் மட்டும் நொண்டி நொண்டிக் கடற்கரைக்குப் போவேன். காற்றுக் காலம் இல்லாததால் பெரிய பட்டங்களைப் பிடித்துக் கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரரும் இல்லை, வெறும் வள்ளங்கள்தான். அங்கே இருந்து ஒரே செபத்தைச் சொன்னேன். "ஆண்டவரே, ஐஸை விடச் சொன்னால் விடுகிறேன். ஆனால் நீர் சொல்லும். வைத்தியர் சொல்லி, பயிற்சியாளர் சொல்லி, பெரியம்மா சொல்லி நான் விடமாட்டேன்." தவக்காலம் தொடங்கிவிட்டது. பதில் இல்லை. அவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்றே நம்பினேன்.

இதற்கிடையில் ஊரில் வேறு ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் பெரியம்மா பெருமூச்சு விட்டு ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார்: "பிள்ளை ஐஸில விழுந்திட்டாள்."

எங்கள் கரையில் இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எத்தனை வீட்டுப் பிள்ளைகளை ஐஸ் என்கிற அந்தப் போதைத் தூள் தின்றுவிட்டது. இத்தாலியில் வளர்ந்த எனக்கு அது தெரியாது. பெரியம்மாவுக்குப் போதைப்பொருள் என்றால் கஞ்சாவும் கசிப்புச் சாராயமும்தான். கண் உள்ளே போய், எலும்பும் தோலுமாய், பகலில் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிற என்னைப் பார்த்த ஊருக்கு, அது போதைதான் என்பதில் சந்தேகமே வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப்பாதைச் செபம் முடிந்ததும் செபக்கூட்டத்தார் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். முன்னால் அலோசியஸ் அண்ணா. வள்ளக்காரர், செபக்கூட்டத்தை நடத்துகிறவர். என்னை நடுவில் இருத்தி, சுற்றி நின்று, ஆண்டவரே இந்தப் பிள்ளையை ஐஸிலிருந்து மீட்டருளும் என்று உரத்துச் செபித்தார்கள். அவர்களோடு வந்த ஸ்ரெல்லா அக்கா நிலத்தில் முழங்காலில் நின்று என் உடைந்த காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். பெரியம்மா தேத்தண்ணித் தட்டோடு வந்து, "ஓம் ஆண்டவரே, அந்தச் சனியனை விடட்டும்" என்று தானும் சேர்ந்துகொண்டார்.

எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. என் ஆட்டத்தை நிறுத்த ஒரு ஊரே திரண்டு வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

அலோசியஸ் அண்ணா குனிந்து மெதுவாகக் கேட்டார். "மகள், இனி ஐஸைத் தொடமாட்டன் எண்டு ஆண்டவருக்கு முன்னால ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

நான் எழுந்து நின்றேன். "விடமாட்டன். ஏழு வயசில தொட்டது. அம்மாதான் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கினவ. அது இல்லாட்டி நான் செத்திருவன். ஆர் வந்து அழுதாலும் ஐஸை விடமாட்டன்."

அம்மாவா பழக்கியது என்று ஒருவர் நடுங்கிக்கொண்டு கேட்டார். ஓம் என்றேன். தனியாகவா என்று கேட்டார்கள். இல்லை, ஒரு பொடியனோடு, விடியற்காலையில் ஒவ்வொரு நாளும் என்றேன். பின்னால் நின்ற ஒரு மனுசி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எல்லாரும் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. கடற்கரையில் இருந்து நான் என்ன கேட்டேன்? விடுவதா வேண்டாமா என்றுதானே. அதற்குப் பதில் வந்துவிட்டது. ஊர் முன்னால், என் வாயாலேயே வந்துவிட்டது. நான் யோசித்துச் சொன்னது இல்லை அது. யோசித்திருந்தால் பயத்தில் தலையை ஆட்டியிருப்பேன். நிலத்தில் இருந்து அழுதேன். அது நல்ல அழுகை.

மறுநாள் காலை பொலிஸ் ஜீப் வந்தது.

ஒரு சார்ஜன்ட். கூட ஒரு பெண் கான்ஸ்டபிள். பெரியம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார். சார்ஜன்ட் சிங்களவர்; என்னைத் தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டு, தமிழைத் தேடித் தேடிக் கதைத்தார். "நங்கி, பயப்பட வேணாம். ஐஸ் எங்க வச்சிருக்கிறது?"

இத்தாலியில் இருக்கிறது என்றேன். அவர் முகம் இன்னும் கறுத்தது. ஏதோ சரியில்லை என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. அலுமாரிக்கு அடியில் இருந்த சப்பாத்தை இழுத்து எடுத்து அவர் கையில் வைத்தேன். அவர் தகட்டை விரலால் தடவிப் பார்த்தார். என் போனில் மத்தேயோவும் நானும் ஆடிய போட்டியைப் போட்டுக் காட்டினேன். முதலில் சந்தேகத்தோடு பார்த்தார். பிறகு பெண் கான்ஸ்டபிளையும் கூப்பிட்டு மறுபடியும் போடச் சொன்னார். முடிந்ததும் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இங்க ஐஸ் ரெண்டுதான் நங்கி" என்றார். "ஒண்டு மீனுக்கு. மத்தது மனுசனைக் கொல்ல. இப்படி ஒண்டு இருக்கிறது எங்களுக்குத் தெரியாது."

அன்று மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் முகத்தை மறைக்கவில்லை. வேண்டுமென்றே சப்பாத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கடை வீதியால் நடந்தேன். அலோசியஸ் அண்ணா என்னைக் கண்டதும் சாரத்தை இறக்கி விட்டுக்கொண்டு தலையைச் சொறிந்தார். பிறகு அவர் செய்ததைச் சொல்கிறேன்.

அவர் கரைத்தீவுக்குப் போய் ஜவாத் ஹாஜியாரிடம் விசயத்தைச் சொல்லியிருக்கிறார். எங்கள் வள்ளங்களுக்கு ஐஸ் கொடுக்கிறவர் ஹாஜியார்தான். தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில், மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு துரத்தப்பட்டு வந்து, இங்கே ஒன்றுமில்லாமல் தொடங்கியவர். அவரே லொறியில் வந்து இறங்கினார்.

"மகள், ஐஸ் விக்கிற என்னை ஒருத்தரும் பிடிக்கல்ல. ஆடுற உங்களைப் பிடிக்க வந்திட்டாங்க" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "கால் பயப்படுதாம் எண்டு கேள்விப்பட்டன். எங்கட குளிர் ரூமில கட்டியள அடுக்கித் தாறன். ஏறி நிண்டு பாருங்க. மிச்சத்தை இறைவன் பார்த்துக்கொள்ளுவான்."

என்னை மீட்க வந்த அதே ஆட்கள் ஹாஜியாரின் குளிர் அறையில் கொக்கி போட்டு ஐஸ் கட்டிகளை இழுத்து அடுக்கினார்கள். இடைவெளிகளில் நொறுக்கிய ஐஸைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி இறுக விட்டார்கள். சுடுதண்ணீர்த் துணியால் மேலே தேய்த்து மட்டமாக்கினார்கள். ஒரு வள்ளத்தின் நீளம்தான் இருக்கும். மீன் மணம் மூக்கைத் துளைத்தது. உலகத்தில் எந்த நடனக்காரியும் இப்படி ஒரு மேடையில் ஏறியிருக்கமாட்டாள்.

சப்பாத்தைக் கட்டினேன். முழங்கால் வழக்கம்போல வெடவெடத்தது. ஸ்ரெல்லா அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நான் வாய்விட்டே சொன்னேன். "ஆண்டவரே, விடமாட்டேன் என்று என்னைச் சொல்ல வைத்தது நீர். நான் ஏறுகிறேன். இனி உமது பாடு."

ஏறினேன். நடுக்கம் நிற்கவில்லை. அதை நிற்கச் சொல்லி நான் காத்திருக்கவும் இல்லை. நடுங்குகிற காலோடே ஒரு தள்ளுத் தள்ளினேன். தகடு ஓடியது. அக்காவின் கை என்னை விட்டுவிட்டது எனக்குத் தெரியவில்லை. அடுத்த கரைக்குப் போய்ச் சுவரைப் பிடித்துத் திரும்பிப் பார்த்தேன். அலோசியஸ் அண்ணா கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். பெரியம்மா என் பாவாடையைப் பார்க்கவே இல்லை. மறுபடியும் ஆடு என்றார்.

பாஸ்குக்குப் பிறகு இத்தாலிக்குத் திரும்பினேன். அரங்கின் வாசலில் கால் நடுங்கியது. கால் நடுங்கினால் நடுங்கட்டும் என்று இறங்கினேன். மத்தேயோ கையை நீட்டினான். அந்தப் பருவத்தின் முதல் போட்டியில் நாங்கள் கடைசி இடம். வெட்கப்படாமல் சொல்கிறேன், கடைசி. ஆனால் நடனத்தை முழுவதும் ஆடி முடித்தோம். பிறகு மேலே வந்தோம், பதக்கமும் வாங்கினோம், பல வருடம் ஆடினோம். இன்று அதே அரங்கில் சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன். அவர்களில் துப்புரவுக்காரிகளின் பிள்ளைகளும் உண்டு. அதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

நீங்கள் ஐஸை எடும் என்று கேட்டீர்கள். நான் ஐஸைத் தாரும் என்று கேட்டேன். ஆண்டவர் குழம்பவில்லை. உங்கள் அன்பையும் எடுத்துக்கொண்டார், என் பிடிவாதத்தையும் எடுத்துக்கொண்டார். அவருக்கு நன்றி. உங்களுக்கும் நன்றி.

இன்னும் ஒன்று இருக்கிறது. ஸ்ரெல்லா அக்கா அன்று ஏன் என் காலைக் கட்டிக்கொண்டு அப்படி அழுதார் என்று பின்னர்தான் அறிந்தேன். அவருடைய மூத்த மகன் உண்மையாகவே அந்தத் தூளில் விழுந்தவன். மறுவாழ்வு நிலையத்துக்குப் போனான், வந்தான், மறுபடி விழுந்தான். நான் ஊருக்கு வருகிற ஒவ்வொரு தவக்காலமும் அக்கா என்னிடம் கேட்பார், "உனக்கு உன்ர ஐஸைக் குடுத்தவர், என்ர பிள்ளையிட்ட இருந்து அதைப் பறிக்கமாட்டாரா?" அதற்கு இன்றுவரை பதில் வரவில்லை. வராமல் நாங்கள் முழங்காலில் இருந்து எழும்பப் போவதும் இல்லை.

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை முடிந்ததும் அக்கா வீட்டில் கூடுகிறோம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பாரம் இருந்தால் கொண்டுவாருங்கள். அழகாகச் செபிக்கத் தெரியவேண்டும் என்று இல்லை. ஆண்டவரோடு சண்டை பிடிக்கத் தெரிந்தால் போதும்.